பதினோராவது பாட்டு

12 ஜூன் 2024

பள்ளி திறந்து மூன்றாம் நாள். பதினோராம் வகுப்புக்கு இன்னும் புத்தகம் வந்து சேரவில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டே ஓட்டினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது சென்னையிலிருந்து போன். ஸுஹைர் என்று ஒருவர். பழைய இசைக்குழுக்களின் ஆல்பங்களைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுகிற சின்னக் கம்பெனி நடத்துகிறாராம். "சார், கரிமூட்டம் பேண்டுல பேஸ் கிதார் வாசிச்ச அய்யப்பன் நீங்கதானே?" என்றார். டப்பாவை மூடிவிட்டு வராண்டாவுக்குப் போனேன். திருப்புல்லாணியில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் கதை தெரியாது.

எங்கள் ஆல்பம் 'தண்ணி லாரி' வந்து பத்து வருஷம் ஆகிறதாம். அதைப் பெரிதாக்கி மறுபடி கொண்டுவர ஆசைப்படுகிறார். பழைய பத்துப் பாட்டு, மேடைப் பதிவுகள், ஒத்திகைப் பதிவுகள், கூட ஒரு சிறு புத்தகம்.

"வெளிவராத பாட்டு எதாச்சும் இருக்கா சார்?"

"இல்ல," என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

15 ஜூன்

குழுவைப் பற்றி அரைப் பக்கம் கேட்டிருக்கிறார் ஸுஹைர். இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

கரிமூட்டம் 2011இல் ராமநாதபுரத்தில் தொடங்கியது. பாட்டும் கிதாரும் இமானுவேல். டிரம்ஸ் மீரா சாகிபு. பேஸ் அய்யப்பன். மூவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. திருப்பாலைக்குடியில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி ஒன்றில்தான் ஒத்திகையும் பதிவும். குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள், இறால் பண்ணையால் கிணறு உப்பானவர்கள், கடலில் சுடப்பட்டவர்கள், கருவேலங்காட்டில் கரி சுடுகிறவர்கள் — பாட்டெல்லாம் இவர்களைப் பற்றித்தான். ராமேஸ்வரத்தில் மீனவர் உண்ணாவிரதப் பந்தலில் வாசித்தபோது பாதியில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மைக் இல்லாமலே பாடி முடித்தான் இமானுவேல். 2014 ஆகஸ்டில் ஆல்பம் வந்தது. அடுத்த வருஷம் குழு கலைந்தது. 2021 மே மாதம் கொரோனாவில் இமானுவேல் இறந்தான். வயது முப்பத்துமூன்று.

அனுப்பிவிட்டேன். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. குழு ஏன் கலைந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

16 ஜூன்

தூக்கம் சரியில்லை.

23 ஜூன்

கீழக்கரை போனேன். மீரா சாகிபு அங்கே மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ஸுஹைர் அவனுக்கும் பேசியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

"மச்சான், நம்ம பாட்ட இன்னும் ஆளுங்க கேக்குறாங்களாம்டா! அல்லாவே, இமான் இருந்திருந்தா இன்னிக்குக் கடத் தெருவுலயே ஆடியிருப்பான்."

பிறகு டீ வந்தது. கண்ணாடி டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"'வரப்பு' மட்டும் இருந்திருக்கணும்டா. நாம வாசிச்சதுலயே அது ஒண்ணுதான் பாட்டு."

நான் டீயைக் குடித்தேன்.

"சாகுறதுக்கு ஆறு மாசம் முந்திகூட எங்கிட்டக் கேட்டான். செத்த டிஸ்க்குல இருந்து டேட்டா எடுக்குற மெசினு வந்துருச்சாம்ல மீரா, அய்யப்பங்கிட்ட அந்த டிஸ்க்கு இன்னும் இருக்கான்னு கேளுன்னான். நாங்கூட உனக்கு போன் போட்டேன்ல?"

போட்டான். டிஸ்க்கை அப்போதே தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

24 ஜூன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

டிஸ்க் பீரோவில் இருக்கிறது. வேட்டிகளுக்கு அடியில். அது கெட்டுப்போகவே இல்லை.

2013 அக்டோபர் கடைசி. இமானுவேலின் அப்பா வீரையா இறந்துபோனார். அபிராமத்துக்குத் தெற்கே வெள்ளாம்பனைதான் எங்கள் இருவருக்கும் ஊர். ஊருக்குள் எங்கள் வீடு, கண்மாய்க்கு இந்தப் பக்கம் காலனியில் அவர்கள் வீடு. வீரையா எங்கள் வயலில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். காலனியிலிருந்து மயானத்துக்கு நேர்வழி எங்கள் வயல் வரப்பு. அதில் பிணம் கொண்டுபோக விடுவதில்லை. கண்மாயைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த வருஷம் மழை கொட்டி, சுற்றுப்பாதையில் நெஞ்சுவரை தண்ணீர். வரப்பு வழியாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்க அய்யா ஆட்களோடு போய்க் குறுக்கே நின்றார்.

வரப்புக்குப் போகிற ரோட்டிலேயே பாடை இருந்தது. காலையிலிருந்து மறுநாள் காலை, தண்ணீருக்குள் இறங்கிச் சுற்றுப்பாதையிலேயே கொண்டுபோகிற வரை. மழையில்.

மீரா தன் சட்டைப் பையில் சின்ன ரெக்கார்டரைப் போட்டு ஓடவிட்டிருந்தான். என்ன நடக்கிறதென்று யாராவது பதிவு செய்ய வேண்டுமே என்று. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நான் பார்ப்பதால் கார்டை என்னிடம் கொடுத்தான். பத்து நாள் கழித்து இமானுவேல் 'வரப்பு' பாடினான். ஒரே டேக். பாட்டுக்குள் அந்த ரோட்டுச் சத்தத்தைச் சேர்க்க வேண்டும், போலீசுக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்றான்.

வீட்டில் உட்கார்ந்து அந்தக் கார்டை முழுவதும் கேட்டேன். மறுநாள், டிஸ்க் போய்விட்டது, கார்டும் அதோடு போய்விட்டது, பாட்டும் போய்விட்டது என்று சொன்னேன்.

இமானுவேல் என் தோளில் கையைப் போட்டு, "விடுடா, நீ என்ன பண்ணுவ," என்றான்.

அவனைத் திரும்பப் பாடச் சொன்னோம். இரண்டு தடவை முயன்றான். அன்னிக்கு வந்தது இன்னிக்கு வரலடா என்று கிதாரைக் கீழே வைத்துவிட்டான். போலீஸ் வழக்கை முடித்துவிட்டது. யாரும் தடுத்ததற்கு ஆதாரமில்லை, மழையால் தாமதம். அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்து என்னால் வாசிக்க முடியவில்லை. ஆல்பம் வந்த மறுவருஷம், பி.எட். படிக்கப் போகிறேன் என்று விலகினேன். குழு அதோடு முடிந்தது.

30 ஜூன்

இன்று கேட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அய்யாவுக்காக மறைத்தேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்ற தகப்பன், கேஸில் மாட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் என்று. கேட்ட பிறகு அதையும் சொல்ல வாயில்லை.

7 ஜூலை

சிநேகா ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீல். இமானுவேலின் தங்கை. அவள் அப்பா ரோட்டில் கிடந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் ஆபீஸ் இருக்கிற தெருவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

14 ஜூலை

ஞாயிறு. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போனேன். இல்லாவிட்டால் இன்றும் திரும்பியிருப்பேன்.

"வாங்கண்ணே," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மறுவெளியீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். இமானுவேலின் பாட்டு நோட்டு ஐந்தையும் மேசையில் எடுத்து வைத்திருந்தாள். ஒரு அட்டையில் அவன் வரைந்த லாரிப் படம்.

டிஸ்க்கை அந்த நோட்டின் மேல் வைத்தேன். சொன்னேன். எழுதி வைத்துப் படித்ததைப் போலச் சொன்னேன்.

அவள் டிஸ்க்கை எடுத்தாள். லேப்டாப்பில் சொருகி, ரோட்டுப் பதிவை முதலில் போட்டாள். மழைச் சத்தம். இமானுவேலின் அம்மா பூமயிலின் ஒப்பாரி. ஆட்கள் கூச்சல். பிறகு அய்யாவின் குரல்.

"இந்த வரப்புல பொணம் போகாது. என் அப்பன் காலத்துல போகல, என் காலத்துலயும் போகாது. கம்மாயச் சுத்திக் கொண்டுபோங்க."

"சுத்துப்பாதையில நெஞ்சு முட்டத் தண்ணி நிக்குதுய்யா," என்று யாரோ.

"அப்ப வத்துற வரைக்கும் வச்சிருங்க."

சிநேகா நிறுத்தவில்லை. எனக்குத் தெரியும், அடுத்து வரப் போவது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஏலே அய்யப்பா! அங்கன அவனுக கூட என்னடா வேல? இங்கிட்டு வா."

அதற்குப் பிறகு ஒரு குரல், தெளிவாக, ரெக்கார்டருக்குப் பக்கத்திலிருந்து — "வாரேன்யா."

அங்கே நிறுத்தினாள். "இது யாரு?"

"நான்."

"எங்கண்ணன் வேற மாதிரில்ல சொன்னான். உங்கய்யா உங்களக் கையப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனாருன்னு. அய்யப்பன் பாவம், அழுதுக்கிட்டே போனான்னு சொன்னான். பாடையப் பிடிச்சிருந்தான், திரும்பிப் பாக்கல. அவனுக்கு யாரு அப்பிடிச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

சிநேகா நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு வக்கீலாகப் பேசினாள்.

"பாட்டு அப்புறம். ஒரிஜினல் கார்டு எங்க?"

அதையும் கொண்டுபோயிருந்தேன்.

"மயானப் பாதைக்கு நான் ரெண்டு வருசமா மனு போட்டுக்கிட்டிருக்கேன். அங்கன யாரும் யாரையும் தடுத்ததில்லன்னு ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுக்குறாங்க. விசாரணைக்கு நீங்க வரணும். வந்து, இது யாரு குரல்னு சொல்லணும். வருவீங்களா?"

"வாரேன்," என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும்.

கிளம்பும்போது அவள் அண்ணே என்று சொல்லவில்லை.

21 ஜூலை

பூமயில் அம்மாவிடம் சிநேகா சொல்லிவிட்டாள். என்னை வரச் சொன்னது அம்மாதான். இப்போது மகளோடு ராமநாதபுரத்தில் இருக்கிறார். போனபோது தரையில் உட்கார்ந்து மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றேன்.

சிநேகா 'வரப்பு' பாட்டைப் போட்டாள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் பத்து விநாடி, ஐஸ் கம்பெனிக்குள் நாங்கள் பேசிக்கொள்வது பதிவாகியிருக்கிறது. இமானுவேலின் குரல் — "மீரா, கதவச் சாத்துடா, கடல் காத்து உள்ள வருது. அம்மா சோறு கட்டிக் குடுத்திருக்கு, சீக்கிரம் முடிச்சிட்டுத் திம்போம்." ஒரு சிரிப்பு. பிறகு கிதார்.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

பாட்டு முடிந்ததும், "மொதல்ல பேசுறானே, அத மட்டும் போடு தாயி," என்றார். சிநேகா போட்டாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டை மறுபடி கேட்கவே இல்லை. கதவைச் சாத்தச் சொல்வதையும் சோற்றைப் பற்றிச் சொல்வதையும்தான்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு அந்தச் சோத்துல நீயும்தான தின்ன?"

"ஆமாம்மா."

"இத வீட்ல வச்சிக்கிட்டு அதுக்கப்புறமும் வந்து எங்கையால தின்னியே. எப்பிடிப்பா எறங்குச்சு?"

திங்கும்போது ருசியாகத்தான் இருந்தது. அதை எப்படி எழுதுவது.

3 ஆகஸ்ட்

மீராவிடம் நானே போய்ச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

கடைக்கு வந்திருந்த பெண்ணின் போனைச் சரிபார்த்துக் கொடுத்து அனுப்பினான். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பதினோரு வருசமா நானும் ஒரு நெனப்புலயே இருந்தேன்டா. மழைல பையில வச்சிருந்தேன், தண்ணி பட்டுத்தான் கார்டு போயிருக்கும், என் தப்புன்னு. இமானுக்குன்னு செஞ்ச ஒரே ஒரு காரியம், அதையும் ஒழுங்காச் செய்யலயேன்னு. இந்தக் கடைல ஒவ்வொரு தண்ணி பட்ட போனையும் கையில எடுக்கும்போது அதான் ஞாபகம் வரும்."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவன் அப்படி நினைப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"போயிருலே," என்றான். "எம் முகத்துல முழிக்காத."

4 ஆகஸ்ட்

ஐஸ் கம்பெனியில் பதிவு செய்த நாட்களில் மீரா தினமும் கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவான், டிரம் குச்சிகளை முதுகில் சட்டைக்குள் சொருகிக்கொண்டு. போலீஸ்காரர் யாரோ ஒரு தடவை கம்பு என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொண்டார். நானும் இமானுவேலும் போய்ச் சிரிக்கச் சிரிக்க மீட்டுக்கொண்டு வந்தோம். இதையெல்லாம் இனி யாரிடம் பேசுவேன்?

18 ஆகஸ்ட்

ஸுஹைர் 'வரப்பு' பாட்டைக் கேட்டுவிட்டாராம். பதினோராவது பாட்டாக அதைச் சேர்ப்பது, ரோட்டுப் பதிவோடு சேர்த்து வெளியிடுவது — முடிவெல்லாம் சிநேகாவுடையது. பாட்டின் பேஸ் பகுதியை எடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். கேட்டுப் பார்த்தார்கள். எடுத்தால் பாட்டு நிற்கவில்லையாம். இருக்கட்டும் என்றுவிட்டாள்.

புத்தகத்தில் நான் நடந்ததை எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "அழுகாம எழுதுங்க."

ஒரு பக்கமாக்கினேன். "இன்னமும் அழுகுறீங்க."

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: இந்தப் பதிவும் இந்தப் பாட்டும் 2013 நவம்பர் முதல் என்னிடம் இருந்தன. அழிந்துவிட்டதாகச் சொன்னேன். அது பொய். பதிவில் "வாரேன்யா" என்று சொல்வது என் குரல். — அய்யப்பன்.

8 செப்டம்பர்

வெள்ளாம்பனை போனேன். விசாரணைக்கு முன்னால் அய்யாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அய்யாவுக்கு எழுபத்திரண்டு. இன்னும் தானே வயலுக்குப் போய் வருகிறார். முற்றத்தில் மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"நான் பேசுனதுதான. இல்லன்னு எப்பச் சொன்னேன்?"

"விசாரணைல அதைச் சொல்லிருங்கய்யா. நான் வந்து சொல்ல வேண்டியதிருக்காது."

"எவங்கிட்ட எதச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

காம்பை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னையும் அதே மாதிரி பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு வாட்டிதான் கூப்பிட்டேன். வந்தேல்ல? ஊரே பாத்துச்சு, உக்கிரபாண்டி மகன் அப்பன் பக்கம்தான்னு. அந்தப் புள்ள எங்கனடா போனான்?"

இந்தக் கேள்வியை அவர் பெருமையாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அன்று என்னை நினைத்து அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். என் பரீட்சை, என் வேலை, எதற்கும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அம்மா கனகலட்சுமி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுட்டுப் போ என்று சொல்லவில்லை. முதல் தடவையாக.

17 அக்டோபர்

கோட்டாட்சியர் அலுவலகம். ஒரு பக்கம் பெஞ்சில் அய்யா, ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். மறுபக்கம் சிநேகா, பூமயில் அம்மா, காலனி ஆட்கள். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நின்றேன்.

பதிவைப் போட்டார்கள். சின்ன ஸ்பீக்கர், அறையெல்லாம் மழைச் சத்தம்.

"இது உங்க குரலா?" என்று அய்யாவிடம் கேட்டார்கள்.

அய்யா எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இல்லீங்க. என் குரல் இல்ல. எவனோ என்னய மாதிரிப் பேசியிருக்கான்."

வீட்டில் அவ்வளவு நிமிர்ந்து பேசினவர். நான் பயந்தது அவர் ஒத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பாரோ என்றுதான். இப்படிச் செய்வார் என்று நினைக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது — அதைவிடக் கோபம்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

"எங்க அய்யா குரல்தான்," என்றேன். "அடுத்து வாரேன்யான்னு சொல்றது நான்."

"எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"அவரு என்னைக் கூப்பிடுற விதம் எனக்குத் தெரியும் சார்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கையெழுத்து வாங்கினார்கள். மூன்று பிரதி.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் அய்யா நின்றிருந்தார். என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஒரு விநாடி, கூப்பிட்டால் போவேனா என்றுகூட நினைத்தேன். அவர் வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். வேன் என்னைத் தாண்டிப் போகும்போது நேரே ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

20 அக்டோபர்

அம்மா போன். "வீட்டுப் பக்கம் வராதடா. அய்யா உன் பேர எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. நானே பேசுறேன், நீ போடாத."

11 ஜனவரி 2025

'தண்ணி லாரி' மறுபடி வந்துவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. என்னை யாரும் அழைக்கவில்லை. போனேன். கடைசி வரிசைக்குப் பின்னால், நாற்காலி அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்றேன்.

முன்னூறு பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் ஆல்பம் வந்தபோது பள்ளியில் படித்தவர்களாக இருக்க வேண்டும். மேடையில் மீரா. பத்து வருஷம் குச்சியைத் தொடாதவன் மாதிரியே இல்லை. என் இடத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண், பானுப்பிரியா, பேஸ் வாசித்தாள். நன்றாக வாசித்தாள். மூன்றாவது பாட்டில் நான் எப்போதும் தப்பு விடும் இடத்தில் அவள் தப்பு விடவில்லை.

இமானுவேலின் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. அவன் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டு மற்றவர்கள் கூட வாசித்தார்கள்.

'வரப்பு' கடைசியில். விளக்கை அணைக்கவில்லை, எந்த ஏற்பாடும் இல்லை. கதவச் சாத்துடா என்று அவன் சொன்னதும் மீரா குனிந்துகொண்டான். பூமயில் அம்மா முன்வரிசையில் இருந்தார். ஒப்பாரி வந்த இடத்தில், பதிவோடு சேர்ந்து, மெதுவாக, தானும் பாடினார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அறுபது வயது குரலும் நாற்பத்தொன்பது வயது குரலும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கின.

பிறகு அய்யா. பிறகு நான்.

எனக்கு முன்னால் நின்றிருந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவளிடம், "இவன்தான் ஒளிச்சு வச்சவனாம். ஃப்ரெண்டாம்," என்றான். அவள், "இப்ப எங்க இருக்கானாம்?" என்று கேட்டாள்.

பாட்டு முடிவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

12 ஜனவரி

இதை உயிரோடு இருக்கும்போதே இமானுவேல் கேட்டிருக்கலாம். ஏழு வருஷம் இருந்தானே. ஏழு வருஷம். ஒரு நாள் போதும், ஒரு போன், டேய் கெடச்சிருச்சுடா என்று ஒரு பொய் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கலாமே. அடிச்சிருப்பானா? அடிக்க மாட்டான். விடுடான்னுதான் சொல்லியிருப்பான். அந்த விடுடாவுக்குப் பயந்துதானா குடுக்கல — என்னடா மனுசன் நீ.

9 மார்ச்

ஸ்டாஃப் ரூமில் இப்போது எல்லோருக்கும் தெரியும். சிலர் முன்பைவிட மரியாதையாகப் பேசுகிறார்கள். இரண்டு பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பெத்த அப்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்பதாலா, நண்பனை ஏமாற்றியவன் என்பதாலா — கேட்கவில்லை.

26 ஜூன்

உத்தரவு வந்துவிட்டது. வரப்பை ஒட்டிப் பத்தடி பாதை, மயானத்துக்கு. அளந்து கல் ஊன்றச் சொல்லியிருக்கிறார்கள். சிநேகா எனக்கு உத்தரவின் நகலை மட்டும் அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தையும் இல்லை. பழைய போலீஸ் வழக்கைத் திறக்கும் மனு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. அதற்கு வருஷக்கணக்காகும்.

29 ஜூன்

அம்மா பேசினாள். கல் ஊன்ற வந்தவர்களை அய்யா மறிக்கவில்லையாம். வயலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். "தூங்குறப்ப உன் பேரச் சொல்றாருடா," என்றாள். "முழிச்சிருக்கும்போது சொல்றதில்ல."

22 நவம்பர்

நான்கு நாளாக மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. மீரா. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்தப் பெயர் திரையில் வந்து. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"வெள்ளாம்பனையில நிக்கிறேன்," என்றான். பின்னால் மழைச் சத்தம். "காலனியில ஒரு பெரியம்மா தவறிருச்சு. சிநேகா வரச் சொன்னுச்சு. கம்மாயி ரொம்பிக் கெடக்குடா, அன்னிக்கு மாதிரியே."

"ம்."

"புதுப் பாதையில எடுத்துட்டுப் போனாங்க. போலீசு நாலு பேரு நின்னாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல. நேராப் போயிட்டாங்கடா."

"எங்க அய்யா?"

"வெளிய வரல. உங்க வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. உங்கம்மா மட்டும் மாடியில நின்னாங்க. பாடை போற வரைக்கும் நின்னாங்க."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நன்றி என்றா, மன்னித்துவிடு என்றா.

"சொல்லணும்னு தோணுச்சு. அதான்," என்றான்.

"சரிடா."

அங்கேயும் மழை, இங்கேயும் மழை. அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.